பூட்டிய கடையிலிருந்து போன அழைப்புகள்

பதினேழு வருடமாக அடுத்தவர் குறையை எழுதிப் பிழைப்பவள் நான். திங்கட்கிழமை என்றால் காலை எட்டு மணிக்கெல்லாம் வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்துக்கு வெளியே, புங்கமரத்தடியில், மடக்கு மேசையும் லேப்டாப்பும் சின்ன பிரின்டருமாக உட்கார்ந்துவிடுவேன். பட்டா மாறவில்லை, பாதையை அடைத்துவிட்டான், உதவித்தொகை நின்றுபோச்சு என்று வருகிறவர்கள் சொல்லச் சொல்ல மனுவாக்கித் தருவேன். 'மேற்கண்ட பொருள் தொடர்பாக' என்று ஆரம்பித்து, 'சம்பந்தப்பட்டவர் மீது தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிப்பேன். அந்தக் கடைசி வரியை விரல்களே அடித்துவிடும். யார் மீது, என்ன நடவடிக்கை என்று உட்கார்ந்து யோசித்ததெல்லாம் கிடையாது.

முன்பு எனக்குக் கடை இருந்தது. செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதையை ஒட்டி, ஒரு ஷட்டர் அகலத்தில் ஜெராக்ஸும் டைப்பிங்கும். வாடகை ஏறிக்கொண்டே போனது, மனு எழுத வருகிறவர்களோ வேங்கிக்காலில் இருந்தார்கள். ஐப்பசிக் கடைசியில் கடையைக் காலி செய்தேன். கடைத் தொலைபேசியையும் மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் லைன்மேன் வந்து கருவியைக் கழற்றி எடுத்துக்கொண்டார். "ஒயரை நான் பாத்துக்கறேன், நீங்க போங்கக்கா" என்றார். போய்விட்டேன்.

மரத்தடி வாழ்க்கையில் வாடகை இல்லை, அவ்வளவுதான் அதன் சுகம். மழை வந்தால் ஒரு கையில் பிரின்டர், ஒரு கையில் லேப்டாப், தலையில் மேசை. மனுக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள், பாதி அடித்த மனு பாதியில் நிற்கும். பங்குனியில் எதிர் வரிசையில் ஒரு அறை காலியானது. கட்டடக்காரர் ஓய்வு பெற்ற வாத்தியார், நல்ல மனுஷர். "மாசக் கடைசி வரைக்கும் உனக்காக வெச்சிருக்கேம்மா. அதுக்கு மேல முடியாது. டீக்கடைக்காரர் தினம் வந்து கேக்கறாரு" என்றார்.

அந்த அறை எனக்கு வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் ஒரு பொருளுக்காக இப்படி ஆசைப்பட்டது எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. அட்வான்ஸுக்கும் ஒரு பெரிய பிரின்டருக்கும் சேர்த்து வங்கியில் கடன் கேட்டேன். கடன் பிரிவில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உங்க பேர்ல ஒரு டெலிபோன் பாக்கி காட்டுதே மேடம். ஆயிரத்து சொச்சம்."

"அந்த லைனை நான் மூடிட்டேங்க."

"மூடின கணக்குலதான் பாக்கி இருக்குது. கட்டாம விட்டதுனு பதிஞ்சிருக்கு."

"இப்பவே கட்டிடறேன்."

"கட்டினா, லேட்டா கட்டினதுனு வரும். மொத தடவை கடன் கேக்கறீங்க, மேல இருக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க. தப்பா போட்ட பில்லுனு அவங்களே லெட்டர் குடுத்து எடுத்தாங்கன்னா, அன்னிக்கே நான் போட்டுடறேன்."

கீழ்பென்னாத்தூரில் எங்கள் நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த என் கணவருக்குப் போன் செய்து சொன்னேன். "ஆயிரம் ரூபாதானே, தொலையுதுனு வீசிட்டு வா" என்றார். வீசினால் பாக்கி போகும், கெட்ட பேர் போகாது என்று விளக்கினேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. கூலியாட்களுக்குச் சாப்பாட்டு நேரம் என்று வைத்துவிட்டார்.

தொலைபேசி அலுவலகத்தில் டோக்கன் எடுத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். கவுன்டரில் இருந்தவரிடம் முத்திரை போட்ட நகலை நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை.

"யூசேஜ் இருக்குதுங்க" என்றார்.

"பூட்டின கடையில யாருங்க யூஸ் பண்றது? பல்லியா?"

"அது எங்களுக்குத் தெரியாதுங்க. லைன்ல பேச்சு போயிருக்குது, பேசினவங்க கட்டணும்."

"மூடச் சொல்லி எழுதிக் குடுத்த தேதி இதுல இருக்குது பாருங்க."

"அது நீங்க குடுத்த தேதி. லைன் நின்ன தேதி வேற."

இப்படிப்பட்ட பதிலைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள்தான் பதினேழு வருடமாக என் எதிரில் உட்காருகிறார்கள். அவர்கள் ஏன் அவ்வளவு சத்தமாகப் பேசுகிறார்கள் என்று நான் முகம் சுளித்ததுண்டு. அன்று என் சத்தத்தைக் கேட்டு வாசலில் இருந்த காவலாளி எட்டிப் பார்த்தார். கடைசியில், நான் யார் யாரிடம் பேசியதாகச் சொல்கிறீர்கள், அந்தப் பட்டியலையாவது கொடுங்கள் என்றேன். அது வாடிக்கையாளரின் உரிமை என்று எனக்குத் தெரியும், எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே மூன்று தாள் அச்சடித்துக் கொடுத்தார்.

பட்டியலைப் பார்த்ததும் தலை சுற்றியது. கடையைக் காலி செய்து மூன்று வாரத்துக்கும் மேலாக ஒரு அழைப்பும் இல்லை. அப்புறம் நாலே நாளில் மூன்று பக்கம். சித்தூர், திண்டிவனம், ஓசூர், பெங்களூரு, எனக்குத் தெரியாத ஊர்களின் எண்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பழைய திட்டம் அது, பேசப் பேசக் காசு. நாலு நாளும் எந்த நாட்கள் என்று பார்த்தேன். கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் தொடங்கி, தீபம், அதற்கு அடுத்த இரண்டு நாள்.

எவனோ என் கடைக்குள் புகுந்து ஊரெல்லாம் பேசியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். வீட்டுக்கு வந்து, திட்டுவதற்கு வேண்டிய சொற்களையெல்லாம் மனதில் வரிசையாக அடுக்கிக்கொண்டு, பட்டியலின் முதல் எண்ணை அழைத்தேன். வயதான ஆண் குரல் எடுத்தது.

"நான் திருவண்ணாமலையில இருந்து பேசறேன். தீபத்துக்கு முன்னாடி நாள் என் போன்ல இருந்து உங்களுக்கு ஒரு கால் வந்திருக்கு. யார் பேசினது?"

"அம்மா, அது உங்க போனா?" என்றார். குரலே மாறிவிட்டிருந்தது. "எங்க வீட்டுக்காரிதாம்மா பேசினது. தெருப் பொம்பளைங்க எல்லாம் வேன் வெச்சிக்கினு வந்தாங்க. கூட்டத்துல இவ மட்டும் தனியா நின்னுட்டா. இவ செல்லு இன்னொருத்தி பையில. எந்த ரோட்டு பஸ் ஸ்டாண்டுல வேன் நிக்குதுனே தெரியல. டிரைவர் கிளம்பறப்பவே எங்கிட்ட சொல்லிட்டுப் போனாரு, வேலூர் ரோட்டுலதான் நிறுத்துவேன்னு. நான் சொன்னேன், அவ போய்ப் புடிச்சிட்டா. மூடின கடை வாசல்ல யாரோ புண்ணியவான் போன் குடுத்தாருனு சொல்லிட்டே இருப்பாம்மா."

அடுக்கி வைத்த சொற்கள் எல்லாம் வாய்க்குள்ளேயே நின்றன.

"அதுக்கு எவ்ளோ ஆச்சும்மா? அனுப்பி வைக்கட்டுமா?" என்று அவரே கேட்டார். அதைக் கேட்கத்தான் நான் போன் செய்ததே. "ஒண்ணும் வேணாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்தபிறகு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

இன்னும் பத்து எண்களை அழைத்தேன். நாலைந்து பேர் எடுக்கவில்லை, ஒருவர் என்னைக் கடன் வாங்கச் சொல்லும் கம்பெனி என்று நினைத்து வைத்துவிட்டார். மற்ற எல்லாரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். அப்பாவைக் காணோம், அண்ணியைக் காணோம், அன்னதானப் பந்தலில் ஒரு போன், பக்கத்தில் மூடின ஜெராக்ஸ் கடை, தோளில் ஒயர் சுருளோடு ஒரு ஆள். தீபத்தன்று எங்கள் ஊருக்குள் வருகிற கூட்டத்தில் செல்போன் வெறும் கடிகாரம்தான், டவர் திணறிவிடும். ஊருக்கு வெளியே ரோட்டுக்கு ஒன்றாகத் தற்காலிக பஸ் ஸ்டாண்டு போட்டுவிடுவார்கள். எங்கே இறங்கினோம் என்று மறந்தவர்கள் மலையைச் சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

போளூர் ரோட்டில் ஒரு கம்பத்தில் ஏணி சாத்தி வேலை செய்துகொண்டிருந்த லைன்மேனைப் பிடித்தேன். அவருக்கு ஐம்பத்தைந்துக்குக் குறையாது. நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். எங்கள் ஊரில் மரியாதைக்கு வயது கணக்கில்லை. பட்டியலை ஆட்டிக் காட்டியதும் மெதுவாக இறங்கி வந்தார்.

"நாந்தாங்க்கா. கடையில இருந்து ஒயரை பந்தலுக்கு இழுத்து உட்டேன். காணாம போனவங்க ரெண்டு வார்த்தை பேசட்டுமேனு. தீபம் முடிஞ்சதும் அறுத்துட்டேன். ஆபீஸ்ல லைனை மூடியிருப்பாங்க, பில்லு யாருக்கும் போவாதுனு நெனச்சேன்."

"மூடின லைன்ல எப்படிண்ணா பேச்சு போகும்? இத்தனை வருஷம் கம்பத்துல ஏறினவருக்கு அது தெரியாதா?"

அவர் கையில் இருந்த குறடைத் திறந்து திறந்து மூடினார். பிறகு, "நான் கான்ட்ராக்ட்ல இருக்கேங்க்கா. ஒரு கம்ப்ளைன்ட் போனா போதும், நாளைக்கு வராதனுடுவாங்க" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. புண்ணியம் அவருக்கு, பில் எனக்கு. மாதக் கடைசிக்கு ஆறு நாள்தான் இருந்தது. நடந்ததைச் சொன்னால் இவர் வேலை போகும். யாரென்று தெரியாது என்று எழுதினால், கவுன்டர்க்காரர் மறுபடி யூசேஜ் என்பார், என் அறை டீக்கடை ஆகும். ஒன்றும் பேசாமல் ஸ்கூட்டியைத் திருப்பினேன். பின்னாலிருந்து அவர், "அக்கா, பொய் எழுத வேணாம். நடந்ததையே எழுதிடுங்க" என்றார். அது என் கோபத்தை ஜாஸ்தியாக்கியதே தவிர கம்மியாக்கவில்லை. கெஞ்சியிருந்தால் நாலு வார்த்தை திட்டவாவது செய்திருக்கலாம்.

மறுநாள் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு குறை மனுவில் முதன்முறையாக அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயரை அடித்தேன். பொருள், பார்வை எல்லாம் ஒழுங்காக வந்தது. முத்திரைத் தேதி, பட்டியல், பந்தல், நான் பேசியவர்கள் சொன்னது, லைன்மேன் சொன்னது, எதையும் மறைக்கவில்லை. முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தால், கடைசியில் 'சம்பந்தப்பட்டவர் மீது தக்க நடவடிக்கை எடுக்குமாறு' என்று இருந்தது. நான் அடித்த ஞாபகமே இல்லை. எத்தனை ஆயிரம் மனுவில் இந்த வரியை வைத்திருப்பேன், அதனால் எத்தனை பேர் எங்கே போய் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அதை அழித்தேன். 'இதில் எவர் மீதும் நடவடிக்கை கோரவில்லை. என் பெயரில் உள்ள பாக்கியை மட்டும் நீக்கித் தர வேண்டுகிறேன்' என்று அடித்தேன். அப்படி ஒரு மனுவை நான் அதுவரை எழுதியதில்லை, அது செல்லுமா என்றும் தெரியவில்லை. அன்றே தொலைபேசி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது தொலைபேசி அலுவலகத்தின் மேல்மாடியிலிருந்து அழைப்பு வந்தது. போனால், லைன்மேனும் அங்கே நின்றிருந்தார், சட்டையை டக் செய்துகொண்டு. மேசைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. தெற்கே எங்கிருந்தோ அந்தத் தை மாதம்தான் மாற்றலாகி வந்தவர், எங்கள் தீபக் கூட்டத்தை டிவியில் மட்டும் பார்த்தவர். என் மனுவின் கடைசி வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"நடவடிக்கை வேண்டாம்னு ஒரு மனுவை இப்பதான் பார்க்கிறேன்" என்றார். "முதல்ல உங்க விஷயம். நீங்க எழுதிக் குடுத்த அன்னைக்கே இங்கே லைனை நிறுத்தியிருக்கணும். நிறுத்தலை. அது எங்க தப்பு, அதுக்கு அப்புறம் யார் பேசியிருந்தாலும் உங்ககிட்ட கேட்டது சரியில்லை."

என் பாக்கி போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் அவர் முடிக்கவில்லை.

"இந்த அழைப்புகள் எப்படிப் போச்சுன்னு ஃபைல்ல ஒரு விளக்கம் வேணும். அது இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது." ஒரு வெள்ளைத் தாளை லைன்மேன் பக்கம் நகர்த்தினார். "எழுதுங்க."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டு தாளையே பார்த்தார். "நான் எழுதட்டுமா மேடம், என் தொழிலே அதுதான்" என்றேன். "எழுதுங்க. ஆனா அவர் சொல்றதை எழுதுங்க" என்றார் அதிகாரி.

'பொதுமக்களின் நலன் கருதியும், அவசரச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டும்' என்று நான் என் வழக்கப்படி ஆரம்பித்தேன். ஆரம்பித்ததை வாய்விட்டுப் படித்தும் காட்டினேன். லைன்மேன் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார்.

"அதெல்லாம் இல்லீங்க்கா. நான் ஒயரைச் சுருட்டத்தான் போனேன். கடை வாசப்படியில ஒரு அம்மா உக்காந்து அழுதுட்டிருந்தாங்க. அவங்க ஊட்டு நம்பர் மட்டும் மனப்பாடமா தெரியும்னாங்க. என் செல்லுல டவர் இல்ல. பையில கருவி இருந்துச்சு. போட்டுக் குடுத்தேன். அவங்க பேசறதைப் பாத்துட்டு இன்னொருத்தர் வந்தாரு. அப்புறம் புடுங்க மனசு வரல, பந்தலுக்கே இழுத்து உட்டுட்டேன்."

எழுதியதைக் கோடிட்டு அடித்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். எட்டே வரி. அவர் கையெழுத்துப் போட்டார். அதிகாரி வாங்கிப் படித்தார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. பிறகு நிமிர்ந்து, "அந்த அம்மா ஊர் போய்ச் சேர்ந்தாங்களா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க மேடம். பேசிட்டு எழுந்து ஓடிட்டாங்க. இத்தினி மாசமா நானும் அதைத்தான் நெனச்சிட்டிருக்கேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒயரில் முதலில் பேசியது அந்த அம்மா என்றால், பட்டியலில் முதல் எண்ணும் அவர் வீட்டு எண்தானே. அன்று ரோட்டில் கோபத்தில் அதையெல்லாம் நான் இவரிடம் சொல்லவே இல்லை.

"சேந்துட்டாங்கண்ணா" என்றேன். "சித்தூர் பக்கம். அவங்க வீட்டுக்காரர்கிட்ட நானே பேசினேன். வேலூர் ரோட்டுல வேனைப் புடிச்சிட்டாங்க. உங்களைத்தான் இன்னும் சொல்லிட்டிருக்காங்களாம்."

அதிகாரி உட்காரச் சொன்னபோதெல்லாம் மறுத்து நின்ற லைன்மேன், இப்போது யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி ஃபைலில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். பிறகு மணியடித்து ஆளைக் கூப்பிட்டு, எனக்குத் தர வேண்டிய கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவரச் சொன்னார். லைன்மேனுக்கு, இனிமேல் இப்படிச் செய்வதானால் முதலில் ஆபீஸில் சொல்ல வேண்டும் என்று ஒரு எச்சரிக்கை, அதோடு முடிந்தது.

பில் தவறாகப் போடப்பட்டது, வாடிக்கையாளர் பொறுப்பல்ல என்று எனக்கே எனக்காக வந்த கடிதத்தை அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். கண்ணில் நீர் வந்தது, துடைக்கவும் இல்லை. வங்கிக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாதத்தின் கடைசி நாள் சாயங்காலம் வாத்தியார் சாவியைக் கொடுத்தார். டீக்கடைக்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாலும் மறுநாளே எனக்கு டீ அனுப்பினார், காசு வாங்கிக்கொண்டுதான்.

நான் எழுதிக் கொடுத்த மனுக்கள் என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது. வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள், அதோடு சரி. நானும் கேட்டதில்லை. இப்போது இந்த அறையில் மனு அடித்து முடித்ததும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன், "வேலை முடிஞ்சா ஒரு வார்த்தை வந்து சொல்லிட்டுப் போங்க, முடியலைன்னாலும் வாங்க, இன்னொண்ணு எழுதுவோம்" என்று. முக்கால்வாசிப் பேர் வருவதில்லை. போன திங்கட்கிழமை, பாதையை அடைத்துவிட்டார்கள் என்று வைகாசியில் அழுதுகொண்டு வந்த ஒரு அம்மா, வேலை ஒன்றும் இல்லாமலே படியேறி வந்தார். "வழி உட்டுட்டாங்கம்மா" என்று சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று உடனே போய்விட்டார்.